மழைக்கு ஓட்டன்னு பழைய டூரிங் பைக் எடுக்கப் போறவங்க இத படிச்சிட்டு போங்க, எனக்கு 1,48,000 போச்சு

கோவத்துல தான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரம் ரூவா. மெக்கானிக் கடையில இருந்து இப்பதான் வீட்டுக்கு வந்தேன், சோறு இறங்கல. மழையில தூரம் ஓட்ட பழைய வண்டி பாக்குறவங்க எதெல்லாம் கவனிக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன், முதல்ல நடந்தத கேளுங்க.

நான் தக்கலை பக்கம், போட் எஞ்சின் வேலை பாக்கேன். நம்ம குமரி கடற்கரை தூத்தூர், வள்ளவிளை ஆளுங்க போட்டு நிறைய கொச்சி தோப்பும்படி ஹார்பர்ல தான் கிடக்கும், கொஞ்சம் கொல்லம் பக்கம் நீண்டகரையில. கேரளாவுல ஜூன் 9 நடுராத்திரியில இருந்து ஜூலை 31 வரைக்கும் 52 நாள் டிராலிங் தடை, அதாவது விசைப்படகுல இழுவலை போட்டு மீன் பிடிக்கக் கூடாது, எஞ்சின் இறக்கி பாக்குறது எல்லாம் அந்த 52 நாளுக்குள்ள முடியணும், அப்போ எடவப்பாதி மழை, அதான் தென்மேற்கு பருவமழை, கொட்டுற நாள்ல தான் எனக்கு ரோட்டுல வேலையே. தோப்பும்படி போய்ட்டு வந்தா 500 கிலோமீட்டர் கிட்ட ஆகும். பஸ்ல போலாம்லன்னு கேப்பீங்க, டூல் பெட்டியும் பம்பும் தூக்கிட்டு நடுராத்திரி ஹார்பர்ல இருந்து எந்த பஸ்ஸ பிடிக்க.

எட்டு வருஷமா 125 சிசி பைக் தான் ஓட்டுனேன். மழையில லாரி சைடு எடுத்து போகும்போது அடிக்கிற தண்ணியில அந்த வண்டி அப்படியே ஆடிப்போகும், கேரளாவுல 66ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலைய ஆறுவழி ஆக்குறதுக்கு தோண்டி போட்ட இடத்துல செம்மண் வழிஞ்சு சோப்பு மாதிரி கிடக்கும், அதுல பிரேக் பிடிக்கவே பயம். அதான் கொஞ்சம் கனமான வண்டி, முன்னால காத்த தடுக்க கண்ணாடி, டியூப்லெஸ் டயரு, ரெண்டு வீலுக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிச்சா வீல் பூட்டு விழாம பாத்துக்கிறது) உள்ளதா தேடுனேன். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல உள்ள எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம் தான், ஆனா ஒத்த சேனல்னா முன் வீலுக்கு மட்டும்தான் வேலை செய்யும், அது எனக்கு பத்தாதுன்னு நெனச்சேன். அது இன்னைக்கும் சரியான முடிவு தான், வண்டி தான் சரியில்ல.

புதுசு எடுக்க வசதி இல்ல. பழைய வண்டி போடுற ஒரு ஆப்ல பாத்தேன், 2022 மாடல், 400 கிட்ட சிசி, ஓடுனது 14,000 கிலோமீட்டர், நாகர்கோவில்ல ஒரு செகண்ட்ஸ் வண்டி கடை போட்டிருந்தது. வண்டி கம்பெனி பேர சொல்லல, அவங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. கடை பேரும் இப்போ போடல, கேஸ் குடுக்கப் போறேன்.

மே மாசம் கடைசியில போனேன். கடைக்காரரு சாயா வாங்கி குடுத்தாரு, நானும் ரைடர் தான் தம்பின்னு லடாக் போன போட்டோ எல்லாம் போன்ல காட்டுனாரு. மழைக்கு தான் எடுக்கேன்னு சொன்னதும் எந்திரிச்சு போய் பைப்ப எடுத்துட்டு வந்து வண்டி மேல தண்ணிய பீச்சி அடிச்சாரு, ஹெட்லைட்டுல மீட்டர்ல எல்லாம் அடிச்சிட்டு ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் பண்ணி காட்டுனாரு. ஒரு மெக்கானிக்க கூட்டிட்டு வந்து பாக்கட்டுமான்னு கேட்டேன். இந்தா மக்கா சாவி, நீ எங்க வேணும்னாலும் கொண்டு காட்டு, சாயங்காலம் கொண்டு வந்து விட்டா போதும்னு என் கையில சாவிய வச்சு மூடிட்டாரு. அட்ரஸ் கேக்கல, லைசென்ஸ் வாங்கி வைக்கல. அந்த ஒரு நிமிஷம் தான். ஒளிக்க ஏதாவது இருந்தா இப்படி சாவிய தூக்கி குடுப்பாங்களான்னு மனசு சொல்லிடுச்சு, அதனாலயே நான் மெக்கானிக்கிட்ட போகல. பார்வதிபுரம் பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு திரும்பி வந்து பைசாவ எண்ணி குடுத்தேன். வீட்டுக்காரி செயின வச்சு எடுத்தது 90,000, சீட்டு பைசா 58,000.

முதல் ரெண்டு வாரம் மழை பெருசா இல்ல, வண்டி சும்மா தண்ணி மாதிரி ஓடுச்சு. ஜூன்ல ஒரு ராத்திரி கருநாகப்பள்ளி தாண்டி நல்ல மழை, மீட்டருக்குள்ள ஆவி பிடிச்சு ஒண்ணும் தெரியல, அடுத்து ஹெட்லைட்டு மினுங்குச்சு, அப்படியே எஞ்சின் நின்னுபோச்சு. பின்னால டேங்கர் வந்துட்டு இருக்கு, இருட்டுல வண்டிய ஓரத்துக்கு உருட்டுறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. ஒரு கடைத் திண்ணையில ரெண்டு மணி நேரம் நின்ன பிறகு தானா ஸ்டார்ட் ஆச்சு.

மறுநாள் கடைக்கு கூப்பிட்டா, பேட்டரி டெர்மினல் லூசா இருக்கும் தம்பி டைட் பண்ணிக்கோங்கன்னாரு. செஞ்சேன். திரும்பவும் நின்னுது. அடுத்த தடவை போன எடுத்த பையன், முதலாளி திருச்சி போயிருக்காருன்னான். மூணு நாள் கழிச்சும் திருச்சி தான். வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்புனேன், நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. நேர்ல போய் நின்னா, நீங்க வெள்ளத்துக்குள்ள எங்கயாவது இறக்கிருப்பீங்க, ஆர்சி உங்க பேருக்கு மாறியாச்சு, இனி எங்களுக்கு சம்பந்தம் இல்லன்னு எல்லாரும் கேக்கும்படி சொல்லுகாரு. மே மாசம் மக்கான்னு கூப்பிட்ட அதே ஆளு தான். ஆப்ல புகார் போட்டேன், வாங்குறவரையும் விக்கிறவரையும் சேத்து வைக்கிறது மட்டும்தான் எங்க வேலைன்னு ஒரு மெசேஜ் வந்து புகார மூடிட்டாங்க.

போன சனிக்கிழமை நெய்யாற்றின்கரை பக்கம் மழையில முன்னால போன பஸ் நின்னுது, பிரேக் பிடிச்சேன், முன் வீல் அப்படியே பூட்டு விழுந்து வண்டி வழுக்கி நானும் வண்டியும் தனித்தனியா போனோம். முட்டியில தையல் போட்டிருக்கு, தோள் தூக்க முடியல. பின்னால எதுவும் வரல, அதனால தான் இத எழுதிட்டு இருக்கேன். ஏபிஎஸ் உள்ள வண்டி எப்படி பூட்டும்னு மார்த்தாண்டத்துல தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட வேன்ல ஏத்தி கொண்டு போனேன்.

அவரு சாவிய போட்டு மீட்டர பாத்ததுமே கேட்டாரு, ஏபிஎஸ் லைட்டு எங்கன்னு. எனக்கு அது தெரியாது, லைட்டு எரியலன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு தான் நெனச்சேன். அப்படி இல்லயாம். சாவி போட்டதும் எரியணும், வண்டி கொஞ்சம் வேகம் பிடிச்ச பிறகு தான் அணையணும். எரியவே இல்லன்னா லைட்டு கெட்டிருக்கணும், இல்லன்னா யாரோ கை வச்சிருக்கணும். மீட்டர கழட்டுனா உள்ள அந்த லைட்டுக்கு நேரா கறுப்பு டேப் வெட்டி ஒட்டிருக்கு. படுபாவி. என் உயிர் மேல ஒட்டுன டேப்பு அது. டேங்க தூக்குனா ஃபிரேம் மூலையில எல்லாம் காஞ்ச சேறு, வயரிங் கனெக்டர் பின் எல்லாம் பச்சை பூத்து கிடக்கு, முன் வீல் பேரிங் கரகரன்னு சத்தம். வண்டி முங்கி கிடந்ததுன்னு சொல்லிட்டாரு. வெளிய பைப்புல அடிக்கிற தண்ணி வேற, நாள்கணக்கா சேத்துத்தண்ணிக்குள்ள ஊறுறது வேறயாம், ஆயில மாத்திடலாம், வயருக்குள்ள ஏறுன ஈரத்த மாத்த முடியாது.

சீட்டுக்கு அடியில நனைஞ்சு காஞ்சு ஒட்டிப்போன ஒரு பழைய சர்வீஸ் பில்லு கிடைச்சது, அதுல பழைய ஓனரோட போன் நம்பர். வண்டி நம்பர் டிஎன் 92, திருச்செந்தூர் ஆர்டிஓ. வாங்கும்போதே எனக்கு மண்டையில உறைச்சிருக்கணும், 2023 டிசம்பர் வெள்ளத்துல திருச்செந்தூர் பக்கத்துல உள்ள காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை பெஞ்சத நாம எல்லாரும் நியூஸ்ல பாத்தது தானே. அந்த போன் நம்பர்ல பேசுன அண்ணன் மறைக்காம சொன்னாரு, மூணு நாள் கழுத்தளவு தண்ணியில நின்ன வண்டி தம்பி, அத சொல்லித்தான் கடைக்கு 35,000க்கு குடுத்தேன்னு. முப்பத்தஞ்சாயிரம். என்கிட்ட வாங்குனது ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரம். அவரு பேசுனத ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன்.

வயரிங், ஏபிஎஸ் யூனிட், பேரிங் எல்லாம் மாத்த 62,000 ஆகும்னு மெக்கானிக் கணக்கு சொல்லுகாரு. அதுக்கு வேற எங்க போக நான்.

சரி, சொல்றேன்னு சொன்னது. சாவி போட்டதும் ஏபிஎஸ் லைட்டு எரியுதான்னு பாருங்க. டேங்கையும் சீட்டையும் கழட்டாம பைசா குடுக்காதீங்க, கழட்ட விடலன்னா வந்துருங்க, சாவிய கையில குடுத்தா கண்டிப்பா மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க. வெள்ளம் வந்த ஊர் நம்பர்னா பழைய ஓனர்கிட்ட பேசாம எடுக்காதீங்க. டயர்ல நாலு நம்பர் இருக்கும், 0822ன்னா 2022ல எட்டாவது வாரம், பழசா இருந்தா மழைக்கு ஆகாது. பழைய வண்டி வாங்கி விக்கிற கடைக்கு ஆர்டிஓ சான்று வேணும்னு 2023 ஏப்ரல்ல இருந்து சட்டம் இருக்கு, அத கேளுங்க, நான் கேக்கல. இன்னும் நிறைய சொல்லணும்னு நெனச்சேன், தோள் வலிக்குது.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிஞ்சாச்சு. நாகர்கோவில் நுகர்வோர் கமிஷன்ல திங்கக்கிழமை மனு குடுக்கப் போறேன், அஞ்சு லட்சத்துக்கு உள்ள உள்ளதுக்கு கட்டணம் இல்ல, வாங்குன ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், இதே கடையில ஏமாந்தவங்க யாராவது இருந்தா மெசேஜ் பண்ணுங்க, சேந்து போவோம். நாளைக்கு காலையில நீண்டகரையில ரெண்டு போட்டு எஞ்சின் காத்து கிடக்கு, ஒத்த கையால டூல் பெட்டிய தூக்கிட்டு களியக்காவிளையில இருந்து பஸ் பிடிக்கணும்.