ஃபுகுவோக்காவில் தனியாக ஒரு கிண்ணம் ராமென்

ஜப்பானின் ஃபுகுவோக்காவில் இறங்கிய அன்றிரவே இச்சிரான் என்ற ராமென் (சூப்பில் போட்ட நூடுல்ஸ்) கடைக்குப் போனேன். அவர்களுக்குச் சொந்த ஊரே இதுதான். இயந்திரத்தில் பணம் போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். உள்ளே வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஆள். சூப் எவ்வளவு கெட்டி, பூண்டு எவ்வளவு, நூடுல்ஸ் எந்தப் பதம், காரம் எத்தனை என்று ஒரு தாளில் வட்டமிட்டுக் கொடுத்தேன். எதிரே மூங்கில் திரைக்குக் கீழே கிண்ணம் வந்தது, குனிந்து வணங்கினார்கள், திரை இறங்கியது. பரிமாறியவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவிட்டு எடுக்கும் தொன்கொத்சு சூப், பால்போல் வெளுப்பு. உதட்டில் ஒட்டுகிற கொழுப்பு, ஆனால் வாடை துளியும் இல்லை. ஆட்டுக்கால் பாயாவை ரசித்துக் குடிப்பவர்களுக்கு உடனே பிடித்துவிடும். நடுவில் மிதக்கும் சிவப்புக் காரத்தை எடுத்த எடுப்பில் கரைத்துவிடாதீர்கள்! முதல் இரண்டு வாய் வெறும் சூப்பாகவே குடியுங்கள்.

மெல்லிய நூடுல்ஸ் சீக்கிரம் ஊறிப்போகும் என்பதால் அளவாகத்தான் வைப்பார்கள். சூப்பை மிச்சம் வைத்துக்கொண்டு 'காயெதாமா' கேட்டால் நூடுல்ஸ் மட்டும் சுடச்சுட வரும், தனிக் காசு. இதே ஊரின் நாகஹாமா மீன் சந்தைத் தொழிலாளர்களின் அவசரத்துக்காகப் பிறந்த வழக்கம் அது. நான் இரண்டு முறை வாங்கினேன். சைவர்களுக்கு இந்தக் கடை சரிப்படாது. குடும்பமாகப் பேசிச் சிரித்துச் சாப்பிட வேறு இடம் பாருங்கள். பசியோடு தனியாக அலைகிறீர்களா, நேரே இங்கே போங்கள்.