எலக்ட்ரானிக் ட்ரிக்கர் ஏர் ரைஃபிள் பழசாக வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். என் மகள் பத்தாம் வகுப்பு. இரண்டு வருடமாகக் கோயம்புத்தூரில் ஒரு ரைஃபிள் கிளப்புக்குப் போய் 10 மீட்டர் பயிற்சி எடுக்கிறாள். கிளப் துப்பாக்கியை நாலைந்து பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சுடுவதால், ஒவ்வொரு முறையும் தோளில் வைக்கும் கட்டையைத் திருகித் தன் அளவுக்குக் கொண்டுவரவே நேரம் போய்விடுகிறது. அவளுக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று, ஒரு பழைய ரைஃபிளுக்குத் தேங்காய் விற்ற பணத்தோடு சீட்டுப் பணத்தையும் சேர்த்து 1,60,000 ரூபாய் கொடுத்தேன். ஏமாந்துவிட்டேன்.

வாங்கியது பழைய ஜெர்மன் ரைஃபிள். சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடும் சாதாரண ஏர் ரைஃபிளில் விசையை (ட்ரிக்கரை) இழுத்தால் ஸ்பிரிங் விடுபட்டு, சுத்தியல் போய் வால்வை அடிக்கும். இதில் விசை வெறும் ஸ்விட்ச் மாதிரிதான். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு, கெப்பாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தைக் காந்தச் சுருளுக்கு அனுப்பும். அது வால்வைத் திறக்கும். நல்ல நிலையில் இருந்தால் அருமையான பொருள். கெட்டுப்போனால் வெளியே ஒன்றும் தெரியாது.

விற்றவர் வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கத்தில் காரிலேயே வைத்துக் காட்டினார். "சிலிண்டர்ல காத்து இல்லீங்கண்ணா, கிளிக் மட்டும் பாத்துக்குங்க" என்றார். பச்சை விளக்கு எரிந்தது. மகள் பத்துப் பதினைந்து முறை இழுத்தாள். ஒவ்வொன்றும் சுத்தமாக விழுந்தது. அது குண்டில்லாமல் பழகுவதற்கான பயிற்சி மோடு. அதில் விசை சரியாக இருக்கிறதா என்றுதான் தெரியும். வால்வு முழுசாகத் திறக்குமா என்று தெரியாது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

மறுநாள் கிளப்பில் காற்று நிரப்பிச் சுட்டோம். முதல் எட்டுக் குண்டு நன்றாகப் போனது. ஒன்பதாவதுக்கு விசையை இழுத்து ஒரு கணம் கழித்துத்தான் வெடித்தது. பயிற்சியாளர் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துப் பார்த்தார். நொடிக்கு 172 மீட்டர், 171, அப்புறம் 149, 168, அப்புறம் வெறும் கிளிக். இந்தப் போட்டியில் பத்துப் புள்ளியின் அளவே அரை மில்லிமீட்டர். 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும். இதை வைத்துக்கொண்டு பிள்ளை எப்படிச் சுடுவாள்?

கட்டையைக் கழற்றினார்கள். பேட்டரி முனையில் பச்சைக் களிம்பு உப்பு மாதிரிப் பூத்திருந்தது. எப்போதோ பேட்டரி கசிந்து போர்டு வரைக்கும் போயிருக்கிறது. அரித்துப்போன இடத்தில் யாரோ மெல்லிய செம்புக் கம்பியை வைத்து ஈயத்தால் பற்ற வைத்து, மேலே பசை தடவியிருந்தார்கள். தெரிந்தே மறைத்த வேலை.

என்னை உலுக்கியது சிலிண்டர்தான். அதன்மேல் ஒரு கிளப் ஸ்டிக்கர் அழகாக ஒட்டியிருந்தது. உரித்துப் பார்த்தால் அடியில் பொறித்த ஆண்டு 2011. ஜெர்மன் கம்பெனிகள் இந்த மாதிரிச் சிலிண்டருக்குப் பொதுவாக 10 ஆண்டுதான் ஆயுள் சொல்லி வந்தன. உள்ளே 200 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட நூறு மடங்கு. அதை என் மகள் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சுட்டிருக்கிறாள். பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன், இதை மறக்க முடியவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். "பாத்துத்தானே வாங்குனீங்க" என்றார். மறுநாளிலிருந்து எடுப்பதில்லை. பில் கேட்டபோது வீட்டில் தேடித் தருகிறேன் என்றிருந்தார், இன்றுவரை வரவில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால் ஏதாவது ஒரு கிளப்புக்கு வரச் சொல்லுங்கள். காற்று நிரப்பி, குறைந்தது 40 குண்டு குரோனோகிராஃபில் சுட்டுப் பாருங்கள். பேட்டரி மூடியைத் திறந்து முனைகளைப் பாருங்கள். சிலிண்டரில் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துத் தேதியைப் பாருங்கள். உரிக்க விடவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

பொள்ளாச்சி, பாலக்காடு பக்கத்துப் பெற்றோர்களுக்கு இன்னொன்று. அவரிடம் இதே மாதிரி இன்னும் இரண்டு ரைஃபிள் இருப்பதாக அன்றைக்கே சொன்னார். இரண்டையும் காரில்தான் காட்டுவார்.