ஹெட்லைட் பல்பு அடிக்கடி போகிறதா? அடுத்த பல்பு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஹெட்லைட் பல்பு மாதாமாதம் போகிறது என்றால் பெரும்பாலும் கோளாறு பல்பில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடாமலேயே ஒரு ஒர்க்‌ஷாப் எங்களிடம் மாதக்கணக்கில் காசு வாங்கியது. நடந்தது திருச்சியில். கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்யும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு.

எங்கள் காரில் இருப்பது எச்4 வகை பல்பு, ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 (60/55). முதலில் வலது பக்கம் போனது, பிறகு இடது, மறுபடி வலது. ஒவ்வொரு முறையும் "டூப்ளிகேட் பல்பு சார், ஒரிஜினல் போட்டுடுறேன்" என்றார்கள். அதுவும் போனபோது, "100/90 போட்டுக்குங்க, வெளிச்சமும் கிடைக்கும், நிற்கவும் செய்யும்" என்று மாற்றினார்கள். அப்புறம் கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று சொல்லி இரண்டு பக்க ஹெட்லைட் செட்டையே மாற்றி, எட்டாயிரத்துக்கு மேல் பில் போட்டார்கள். கழற்றிய செட்டைக் கேட்டோம், குப்பையில் போட்டாகிவிட்டது என்றார்கள்.

அதன் பிறகுதான் புதுக்கோட்டையிலிருந்து இரவில் திரும்பும்போது, கீரனூர் தாண்டி இரண்டு லைட்டும் ஒன்றாக அணைந்தன. பின்சீட்டில் அம்மாவும் குழந்தையும். பின்னால் லாரி. பார்க்கிங் லைட்டைப் போட்டு ஓரம் கட்டினோம். அந்த இருட்டை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை.

மறுநாள் வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். அவர் பல்பைத் தொடுவதற்கு முன் பேட்டரியில் மீட்டரை வைத்தார். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ரேஸ் கொடுக்கச் சொன்னார். 14 தாண்டியது, 15 தாண்டியது, 15.7-ல் நின்றது. பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவுக்குள், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, வேறொன்றுமில்லை. வோல்டேஜ் ஐந்து சதவீதம் கூடினாலே ஹாலஜன் பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும், 15.7-ல் எந்தக் கம்பெனி பல்பும் நிற்காது. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி குறைந்ததும் இதனால்தான். அதையும் அந்தக் கடையில் சொல்லியிருந்தோம், "வெயில் சார்" என்றார்கள்.

பிறகு பல்பு மாட்டும் ஹோல்டரைக் கழற்றிக் காட்டினார். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பக்கம் உருகி, பல்பின் உலோக முனையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 60 வாட் பல்பு சுமார் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் 8-க்கு மேல். ரிலே (பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) இல்லாமல் பழைய ஒயரிலேயே அதைப் போட்டால் ஹோல்டர் உருகாமல் என்ன செய்யும்? இதைவிட மோசம், ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடங்களில் மஞ்சள் 20 செருகியிருந்தார்கள். 100 வாட்டுக்கு 10 தாங்கவில்லை என்பதால் செய்த வேலை. ஒயர் ஷார்ட் ஆகியிருந்தால் ஃபியூஸ் போவதற்கு முன் ஒயர் எரிந்திருக்கலாம். வண்டியில் குழந்தை இருக்கிறது என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

ரெகுலேட்டர், ஹோல்டர் இரண்டு, சரியான ஃபியூஸ், பழையபடி 60/55 பல்பு. எல்லாம் சேர்த்தே ஹெட்லைட் செட் பில்லில் பாதிகூட வரவில்லை. இப்போது இன்ஜின் ஓடும்போது 14.2 காட்டுகிறது. அதற்குப் பிறகு பல்பு போகவில்லை.

உங்கள் வண்டியிலும் இப்படி என்றால், முதலில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். சாதாரண மீட்டர் 300, 400 ரூபாய்க்கே கிடைக்கும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8-லிருந்து 14.5 வரை இருக்கலாம். 15-ஐத் தொட்டால் டைனமோவைப் பார்க்க வேண்டும். ஒரே பக்கம்தான் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் அந்தப் பக்க ஹோல்டர், எர்த் ஒயர், தண்ணீர்க் கசிவு இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். போன பல்பைத் தூக்கிப் போடாமல் பாருங்கள்: உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது, கண்ணாடி கொப்புளம் போல உப்பியிருந்தால் மாட்டியவர் விரலால் தொட்டிருக்கிறார். ஹாலஜன் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு படவே கூடாது. அந்தக் கடையில் கிரீஸ் கையோடுதான் மாட்டினார்கள், பார்த்துக்கொண்டே நின்றோம்.

பில்லையும் உருகிய ஹோல்டரையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டபோது, "வேணும்னா ஒரு செட் பல்பு ஃப்ரீயா தர்றோம்" என்றார் முதலாளி. வேண்டாம் என்று வந்துவிட்டோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறோம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலும் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதே கடையில் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.