தாழ்ப்பாளா, பூட்டா, குறுக்குக் குழாயா? அங்கன்வாடிக் கதவை உள்ளிருந்து அடைக்கும் வழிகள்

தெருநாய்க் கூட்டம், கலைந்த மலைத்தேனீ, அரிவாளோடு நிற்கும் போதை ஆள், நெல்லை மாவட்டத்து அம்பாசமுத்திரம், களக்காடு மலையடிவார ஊர்களில் கரடியும் சிறுத்தையும். ஆபத்து எதுவானாலும் முதல் ஒரு நிமிட வேலை ஒன்றே: பிள்ளைகள் உள்ளே, கதவு அடைப்பு. அங்கன்வாடியில் பெரியவர்கள் டீச்சரும் ஆயாவும்தான். ஒருவர் பிள்ளைகளின் வீடுகளைப் பார்த்துவரப் போயிருந்தால் இருபது பிள்ளைக்கு இரண்டே கை. அந்தக் கை நடுங்கும்போதும் எது அடைபடும் என்று பார்த்தே கதவுக்குச் செலவழிக்க வேண்டும்.

கிரில் கேட்டும் தொங்குபூட்டும்தான் பல ஊர்களில் இருக்கிறது. நாய்க்கு அது போதும். ஆனால் கம்பி இடுக்கில் கம்பு நுழையும், கை நுழையும், தேனீ தாராளமாக நுழையும். பூட்டுக்குச் சாவி வேண்டும். பதற்றத்தில் சாவித் துவாரம் கண்ணுக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உள்ளே பூட்டியபின் அடுப்படியில் தீப்பிடித்தால், சாவியைத் தேடிய பிறகே பிள்ளைகள் வெளியேற முடியும். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் சமையல் தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதன்பிறகு பிள்ளைகள் இருக்கும் அறையைச் சாவி போட்டுப் பூட்டுவதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். கேட்டில் கொக்கி மட்டும் இருக்கட்டும். காப்பு அறைக் கதவில் இருக்க வேண்டும்.

அறைக் கதவுக்கு நல்லது தாழ்ப்பாள். ஒரே இழுப்பில் அடையும், ஒரே இழுப்பில் திறக்கும். ஆனால் மாட்டும் விதத்தில்தான் அது கெட்டுப்போகிறது. தாழ்ப்பாளோடு கடையில் தரும் அரை அங்குலத் திருகு ஓர் உதைக்குத் தாங்காது. பிய்ந்து வருவது பெரும்பாலும் கதவுப் பக்கம் அல்ல, நிலையில் இருக்கும் வளையம்தான். கதவுப் பலகைக்கு ஓர் அங்குலத் திருகு போதும். வளையத்துக்கு இரண்டு அங்குலம் வேண்டும். உயரம் ஐந்தடி. ஐந்து வயதுப் பிள்ளை கையை உயர்த்தினால் ஏறக்குறைய நாலே கால் அடிதான் எட்டும். கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். தரையில் அதன் குழியைக் குனிந்து பார்த்தால் மணலும் சிந்திய சத்துமாவும் கல்லாய் இறுகியிருக்கும். கம்பி கால் அங்குலம்கூட இறங்காது. இறங்கினால் இன்னும் மோசம்: டீச்சர் வெளியே நிற்க, உள்ளே விளையாட்டாய் ஒரு பிள்ளை தாழ் போட்டுக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரக்கதவு உப்பித் தாழ் துவாரத்தைத் தவறும். மழைக்கு முன்பே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லுங்கள்.

பழைய வீடுகளில் இரட்டைக் கதவுக்குக் குறுக்கே மரம் போடுவார்களே, அதைப் போல ஒன்றரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை இருபுறச் சுவரிலும் பதித்த தாங்கிகளில் வைப்பது மூன்றாவது வழி. தள்ளுவிசை சுவருக்குப் போய்விடுவதால் கரடி மோதினாலும் திருகு பிய்கிற பேச்சே இல்லை. அடிவார ஊர்களுக்குத் தாழ்ப்பாளோடு இதுவும் வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவுக்கு மட்டுமே இது உதவும். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் போட்டால் ஆபத்துக்காரர் கதவைச் சாதாரணமாக இழுத்துத் திறந்துவிடுவார். குழாய் கதவோரத்திலேயே தொங்க வேண்டும், துணி காயப்போட எடுத்துப் போகக் கூடாது.

எந்த வழியானாலும் வெளிக் கொண்டியை மறக்காதீர்கள். யாராவது வெளியே கொண்டி போட்டால் எல்லாரும் சிறைதான். காலையில் கதவைத் திறந்ததும் பூட்டை வெளி வளையத்திலேயே பூட்டிவிட்டால் கொண்டி அதன்மேல் மடங்காது.

அடுத்தது பிள்ளைகளை உள்ளே கூப்பிடும் சைகை. மணியடித்தால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகும் நேரம். நேரே வாசலுக்கு ஓடும். விசில் சின்னதுகளை அழவைக்கும். இரண்டையும்விடக் கோழியும் பருந்தும் விளையாட்டு மேல். “பருந்து வருது மக்கா” என்றால் எல்லாம் டீச்சர் சேலையைப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருநாள் விளையாடினாலே பழகிவிடும். கூட்டிப்போகும் மூலை சன்னலுக்கு நேர் இல்லாததாக இருக்கட்டும். கேஸை அணைத்துவிட்டு ஆயா கடைசியாக வரட்டும்.

எண்ணிக்கைக்கு வருகைப் பதிவேட்டை நம்பினால் இடறும். பதினோரு மணிக்கு ஆச்சி வந்து பேரனைக் கூட்டிப் போனது அதில் ஏறியிருக்காது. இல்லாத பிள்ளையைத் தேடி டீச்சர் வெளியே போவார். கதவோரச் சிலேட்டில் சாக்பீஸால் ஒரே எண். பிள்ளை வரவும் போகவும் அழித்து எழுதுங்கள்.

ஆள் வந்தால் அமைதி வேண்டும், செல்போன் சத்தம் கூடாது. இரண்டு வயதுப் பிள்ளையை “சும்மா இரு” என்று அடக்க முடியாது. உள்ளங்கையில் “நண்டூருது நரியூருது” மெல்ல ஊர்ந்தால் சில நிமிடம் அடங்கும். தேனீ வந்தால் சத்தம் பிரச்சினையில்லை. சன்னலை அடைத்து, விளக்கணைத்து, கதவடி இடுக்கில் ஈரத்துணி திணிக்க வேண்டும். பிள்ளைகள் ஒன்றுக்குப் போக மூடியுள்ள வாளி ஒன்றும் ஐந்து லிட்டர் தண்ணீரும் அறையிலேயே இருக்கட்டும்.

உதவிக்கு 112. வனச்சரக அலுவலக எண் சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் உடனே போடாதீர்கள். இருபது பேர் கேட்டுக்கு ஓடிவந்து ஆபத்தின் நடுவே நிற்பார்கள். எதிர்வீட்டு ஒருவருக்குச் சொல்லுங்கள், போலீஸ் வந்தபின் மற்றவர்களுக்கு.

கேஸ் கசிந்தாலும் வெள்ளம் வந்தாலும் இதில் எதுவும் செய்யக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரையேறியதைப் போன்ற நாளில் தாழ் போட்ட அறை பொறி. அப்போது கதவை விரியத் திறந்து, சிலேட்டை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போங்கள்.