பதிப்புரிமை பதிந்து தருகிறோம் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

38,500 ரூபாய். பெட்டி இழைத்துக் காசு பார்க்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய தொகை என்று ஓலை வாரத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாங்கியவர்கள், கைவினை வடிவங்களை விற்றுத் தருவதாகச் சொல்லும் ஓர் இணையத்தளத்தார். பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். பேசும் பேச்சுத்தான் மாறாது, ஆகவே அதை எழுதுகிறேன்.

நான் இலங்கையின் வடக்கே பூநகரிப் பக்கம். சாயம் போட்ட சார்வோலையில், அதாவது இளம் பனையோலையில், கைப்பைகள் இழைக்கிறேன். இழைக்கும் முறையைப் படிப்படியாகக் கையால் வரைந்து, விளக்கம் எழுதி, படமும் எடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டு வந்தேன். ஓலை கிடைக்காத கனடாவிலும் சுவிசிலும் பெண்கள் அதைப் பார்த்துக் காகித நாடாவில் இழைத்துப் படம் அனுப்புவார்கள். நட்சத்திரக் கரை வைத்த பை ஒன்று எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதில் மூலை திரும்பும் இடம் கஷ்டமானது. சிவப்பு ஓலை வெள்ளைக்கு அடியால் போய், மடிந்து, அடுத்த இழையைத் தாண்டி மேலே வர வேண்டும். அங்கே பெருவிரலை எடுத்தால் இழை தளர்ந்து நட்சத்திரத்தின் ஒரு முனை காணாமல் போய்விடும். அந்த மூலைக்கு மட்டும் ஏழு படங்கள் வரைந்திருந்தேன்.

அந்தத் தளத்திலிருந்து தொலைபேசியில் வந்த பெண் முதலில் காசைப் பற்றிப் பேசவே இல்லை. "அக்கா, நாங்களும் உங்கள் பக்கந்தான், முழங்காவில்" என்றாள். பிறகு, "ஐந்தாவது படத்தில் பெருவிரலை ஏன் அங்கே அழுத்தச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னைச் சாய்த்தது. இத்தனை பேர் பார்த்தும் ஒருவரும் கேட்காத கேள்வி. ஓலையில் கை வைத்தவள் என்று நம்பினேன், ஒருவேளை உண்மையாகவே கை வைத்தவள்தானோ என்னவோ. அம்மம்மா கடகம் பொத்துகிறவராம், வீட்டில் சுளகெல்லாம் இருக்கிறதாம். அரை மணித்தியாலம் ஓலைக் கதை.

அதன் பிறகுதான் விஷயம் வந்தது. "பதிப்புரிமை பதியாவிட்டால் சட்டப்படி இந்த வடிவம் உங்களுடையதே இல்லை அக்கா. யாராவது தங்கள் பெயரில் பதிந்துவிட்டால் நீங்களே இழைக்கக் காசு கட்ட வேண்டி வரும்." பதிவு, சட்டத்தரணி, முத்திரை எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய். பதிவுக்காக என் பெயர் போடாத மூலப் படங்களையும் கேட்டாள். கிளிநொச்சியில் வங்கியில் காசைக் கட்டினேன். மும்மொழியிலும் எழுதிய, பொன்னிற முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்று வந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தேன்.

சட்டம் படிக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவென்றே ஒன்று இல்லையே சித்தி" என்றாள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்த கணமே, எழுதிய கணமே உரிமை வந்துவிடுகிறது. விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. என் வரைபடமும் விளக்கமும் என் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 70 ஆண்டுகளும் பாதுகாப்பில் இருக்கும். இழைக்கும் முறை யாருக்கும் சொந்தமில்லை, நட்சத்திரமும் என் பாட்டி காலத்துக்கு முந்தியது. அவற்றை நான் உரிமை கொண்டாடவும் இல்லை. நான் வரைந்த கோடும் எழுதிய வரியும் எடுத்த படமும் என்னுடையவை. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவது கைத்தொழில் வடிவமைப்பு (ஒரு பொருளின் வெளித்தோற்றம்), வியாபாரக் குறி போன்றவற்றை. வடிவமைப்புப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்கு, இரண்டு தடவை புதுப்பிக்கலாம். அது வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பித்தான் இவர்கள் காசு பறிக்கிறார்கள்.

இதோடு முடிந்ததா? அதே தளத்தில் என் பை வடிவம் டொலரில் விற்பனைக்கு இருக்கிறது, வடிவமைத்தவர் என்று வேறு யாரோ பெயரில். ஏழு படங்களும் இருக்கின்றன. பை இருக்கும் படத்தின் ஓரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையின் சீமெந்து வெடிப்பும், அதில் நான் பூசிய கோணல் பூச்சும் தெரிகின்றன. பெயர் இருந்த மூலையை வெட்டத் தெரிந்தவர்களுக்குத் திண்ணையை வெட்டத் தெரியவில்லை.

கேட்டதற்கு வந்த பதில்களைச் சொன்னால் இரத்தம் கொதிக்கும். காசு கட்டும்வரை அக்கா, கட்டிய பிறகு "அன்பான வாடிக்கையாளரே". முதலில் கணக்குப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். கணக்குப் பிரிவு, சட்டப் பிரிவைக் கேட்கச் சொன்னது. சட்டப் பிரிவில் தொலைபேசி எடுத்த ஆளின் குரலும் கணக்குப் பிரிவின் குரலும் ஒன்று! அவர்கள் தளத்தில் கணக்குத் திறக்கும்போது விற்கும் உரிமையை நான் கொடுத்துவிட்டேனாம். உரிமையைக் கைமாற்றுவதென்றால் அது எழுத்தில், இரு தரப்பின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை சட்டத்தைக் காட்டினாள். நான் ஒரு தாளிலும் கையெழுத்து வைக்கவில்லை. அதை எழுதி அனுப்பியபோது என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டுக்குப் "புதுப்பிப்புக் கட்டணம்" கேட்கும் குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வருகிறது!

வழக்குப் போடலாம் என்கிறார்கள். கொழும்பு வணிக மேல் நீதிமன்றம். பூநகரியிலிருந்து போய்வரும் செலவையும் சட்டத்தரணிக்குக் கொடுப்பதையும் கூட்டிப் பார்த்தால் 38,500 ரூபாய் கால் தூசு. அது தெரிந்துதான் எங்களைப் போன்றவர்களைத் தேடி வருகிறார்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்தக் கோபத்தில் முடியவில்லை. இவ்வளவு சொல்கிறேன். பெயர் இல்லாத மூலப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். பெயரை ஓரத்தில் போடாமல் படத்தின் நடுவே, இழையின் மேலேயே எழுதுங்கள். வரைந்த தாளைத் திகதி போட்டு வைத்திருங்கள், எறியாதீர்கள். களவு போன வடிவம் ஏதாவது தளத்தில் இருந்தால் நீக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கே முறைப்பாடு அனுப்பலாம், பெரிய தளங்களில் அதற்கென்று படிவம் உண்டு, கட்டணம் கிடையாது. காசு கட்டிய வங்கிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், பொலிஸில் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியாப் பக்கம் யாருக்காவது "நாங்களும் உங்கள் ஊர்தான்" என்று இப்படி அழைப்பு வந்திருந்தால், காசு கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும் எனக்கு எழுதுங்கள். பொலிஸ் முறைப்பாட்டில் என் பெயர் மட்டும் தனியாக இருக்கிறது.