உல்லாசக் கப்பலில் ஆள் கடலில் விழுந்தால்: ரிக்கெற் எடுக்க முன் ஒரு மதிப்பீடு

2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு உல்லாசக் கப்பல் வந்து போனதிலிருந்து யாழ்ப்பாணத்தில் குரூஸ் பற்றிய விசாரிப்பு கூடிவிட்டது. அதற்கு முன்பே, கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனைக் கூப்பிட்டு, மயாமியில் கப்பலேற்றி ஒரு கிழமை கரீபியன் தீவுகளைக் காட்டுவது வழக்கம்தான். சாப்பாடு, நீச்சல் தடாகம், பல்கனி அறை பற்றியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது ஒரேயொரு சேவையை: பயணி ஒருவர் கடலில் விழுந்தால் கப்பல் என்ன செய்யும்?

விழுந்ததை யாராவது கண்டிருந்தால் நன்றாகவே செய்யும். ஒருவரும் காணாவிட்டால், பெரும்பாலான கப்பல்களில், ஆளைக் காணவில்லை என்று தேடத் தொடங்கும்வரை ஒன்றும் நடக்காது.

கப்பல் நிறுவனங்களின் சங்கத்துக்காகத் தொகுத்த கணக்கில், 2009 முதல் 2019 வரை பயணிகளும் பணியாளர்களுமாக 212 சம்பவங்கள் பதிவாகியுள்ளன. மீட்கப்பட்டவர்கள் 48 பேர். ஆண்டுக்குக் கோடிக்கணக்கானோர் ஏறும் தொழிலில் விழுவது அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் விழுந்தவர்களில் நாலில் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை.

காரணம் வெறும் கணக்கு. 20 நொட் வேகத்தில் போகும் கப்பல் செக்கனுக்கு 10 மீற்றர் கடக்கும். 200 மீற்றர் நீளக் கப்பலின் முன்பக்கத்தில் விழுந்தவரைப் பின்பக்கம் தாண்ட 20 செக்கன் போதும். ஒரு நிமிடத்தில் 600 மீற்றர். அந்தத் தூரத்தில் அலைக்குள் மிதக்கும் தலை ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியாது. அரை மணித்தியாலம் போனால் 18 கிலோமீற்றர், ஏறக்குறைய யாழ் நகரத்திலிருந்து காங்கேசன்துறைத் தூரம். இரவென்றால் சொல்லத் தேவையில்லை. மேல்தளத்திலிருந்து, 30 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் மணிக்கு 85 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் தண்ணீரில் மோத வேண்டிவரும். நீச்சல் தெரியுமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

கண்டவர் இருந்தால் நடப்பதைப் பாருங்கள். கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜின் இரு பக்கமும் புகைக்குண்டும் விளக்கும் கட்டிய மிதவை வளையம் தயாராக இருக்கும். பிடியை இழுத்துவிட்டால் போதும், தானாகக் கடலில் விழும். புகை குறைந்தது 15 நிமிடமும் விளக்கு 2 மணித்தியாலமும் நிற்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதே நேரம் ஜீபிஎஸ் கருவியில் ஒரு பொத்தானை அமுக்கி அந்த இடத்தைப் பதிவார்கள். மூன்று நீண்ட ஹோர்ன் அடிப்பார்கள். பிறகு வில்லியம்சன் திருப்பம்: ஆள் விழுந்த பக்கத்துக்கே சுக்கானை முழுக்கத் திருப்புவார்கள். கப்பலின் முகம் 60 பாகை விலகியதும் எதிர்ப்பக்கம் முழுக்க. நேர் எதிர்த்திசைக்கு 20 பாகை மிச்சமிருக்கையில் சுக்கான் நடுவுக்கு வரும். கப்பல் தான் வந்த கோட்டிலேயே திரும்பி நிற்கும். மீட்புப் படகை 5 நிமிடத்துக்குள் இறக்கத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதும் விதிதான்.

2025 ஜூன் 29 அன்று டிஸ்னி ட்ரீம் கப்பலின் 4ஆம் தளத்திலிருந்து சிறுமி ஒருத்தி விழுந்ததும் தகப்பனும் பின்னால் குதித்தார். சுமார் 20 நிமிடம் தண்ணீரில் இருந்த இருவரையும் மீட்புப் படகு உயிரோடு ஏற்றியது. இந்தப் பகுதிக்கு மனநிறைவோடு பத்துக்கு எட்டுப் புள்ளி கொடுக்கலாம்.

ஒருவரும் காணாமல் விழுந்தவரின் கதை வேறு. 2022 நவம்பரில் கார்னிவல் வேலர் கப்பலில் ஒருவர் இரவு 11 மணிக்குப் பிறகு காணாமல் போனார். முறைப்பாடு வந்தது மறுநாள் மதியம். மெக்சிக்கோ வளைகுடாவில் 15 மணித்தியாலத்துக்கு மேல் தாக்குப்பிடித்தவரை, இரவு 8 மணி கடந்த பிறகு கரையோரக் காவல்படை ஹெலிகொப்ரர் தூக்கியது. அவர் பிழைத்தது அவரின் அதிர்ஷ்டம், கப்பலின் சேவை அல்ல. வழமையான ஒழுங்கு இதுதான்: அறையில் கூட இருந்தவர் முறையிடுவார், ஒலிபெருக்கியில் பெயர் சொல்லுவார்கள், கப்பல் முழுக்கத் தேடுவார்கள், பிறகு கமராப் பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்குள் கப்பல் நூறு மைல் தள்ளி நிற்கும்.

விழுந்த கணத்திலேயே பிரிட்ஜில் மணியடிக்கும் கருவி இல்லையா என்றால், இருக்கிறது. கப்பலின் பக்கவாட்டில் வெப்பக் கமராவும் ராடாரும் பொருத்தி, மேலிருந்து கீழே போகும் உருவத்தைப் பிடித்து, சில செக்கன் வீடியோவை அதிகாரிக்குக் காட்டும். இதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 21195, 2020இல் வந்துவிட்டது. நிறுவனங்கள் சொல்லும் தடை பொய் எச்சரிக்கை: கடற்காகம், அலைத்தூவல், பல்கனியிலிருந்து பறக்கும் துவாய், கண்ணாடியில் படியும் உப்பு. முழுப்பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதிகாரி வீடியோவைப் பார்த்துத் தள்ளிவிட அரை நிமிடம்தானே வேண்டும்.

அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது, பயணிகளைப் படம் பிடிக்கவோ விழுந்தவரைக் கண்டறியவோ கூடிய தொழில்நுட்பத்தை, அது கிடைக்கும் அளவில். அந்த 'ஓ'வுக்குள் ஒரு கப்பலே புகுந்துபோகும். படம் பிடிக்கும் கமரா வைத்தாலே சட்டம் நிறைவேறிவிடுகிறதே! இந்தப் பகுதிக்குப் பத்துக்கு மூன்று, அதுவும் கருவியைப் பொருத்திய சில கப்பல்களுக்காக.

அதே சட்டம் கைப்பிடிக் கம்பி 42 அங்குலம், அதாவது மூன்றரை அடி இருக்க வேண்டும் என்கிறது. சராசரி உயரமானவரின் உடற்பாரம் நிற்கும் புள்ளிக்கு இது கொஞ்சம்தான் மேலே. நேராக நிற்கிறவர் தானாக விழமாட்டார். பல்கனிக் கதிரையில் ஏறினாலோ, படமெடுக்கக் கம்பியில் குந்தினாலோ அந்த மூன்றரை அடி கணக்கில் வராது. குழந்தையோடு போகிறவர்கள் முதல் நாளே கதிரையை அறைக்குள் இழுத்து வைத்து, பல்கனிக் கதவின் மேல் கொளுக்கியைப் போட்டுவிடுங்கள்.

ஒருவர் விழுவதைக் கண்டால் கண்ணை எடுக்காதீர்கள். கையை நீட்டி அவரையே காட்டிக்கொண்டு நில்லுங்கள். வளையம், கதிரை மெத்தை, மிதக்கும் எதையும் எறியச் சொல்லுங்கள். பிரிட்ஜுக்கு அறிவிப்பது இரண்டாவது ஆளின் வேலை.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு போகும் படகில் நிலைமை தலைகீழ். விழுந்தால் பத்துப் பேர் காண்பார்கள், உயரமும் வேகமும் குறைவு. அங்கே ஆபத்து தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் காற்றாடியும், தோளில் சும்மா போட்டு கொளுக்கி பூட்டாத பாதுகாப்பு அங்கியும். தண்ணீரில் விழுந்ததும் பூட்டாத அங்கி காதுக்கு மேலே ஏறிக் கழன்றுவிடும்.

இன்னொன்று, தாய் தகப்பனுக்கு ரிக்கெற் போடும் பிள்ளைகளுக்கு. அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் நடந்த மரணத்துக்கு அங்கே இன்னும் 1920ஆம் ஆண்டுச் சட்டம்தான். அது குடும்பத்தின் பண இழப்பை மட்டும் பார்க்கும். இளைப்பாறியவருக்குச் சம்பளம் இல்லை, ஆகவே இழப்பீடும் சொற்பம். வழக்கை எந்த ஊர் நீதிமன்றத்தில், எத்தனை மாதத்துக்குள் போட வேண்டும் என்பதும் ரிக்கெற்றின் பொடி எழுத்தில் இருக்கும். பல நிறுவனங்களுக்கு அது புளோரிடா, ஒரு வருடம்.

முகவரிடம் கேட்டால் 'கப்பல் முழுக்கக் கமரா இருக்கு' என்பார். கேட்க வேண்டியது அதுவல்ல: ஆள் விழுந்தவுடன் பிரிட்ஜில் மணியடிக்குமா, பிறகு பார்ப்பதற்குப் பதிவு மட்டும் செய்யுமா? கப்பலின் பெயரைச் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பலில் ஒன்றில் இருக்கும், மற்றதில் இராது.