டிஸ்சார்ஜ் தாளில் மூன்றே வரி: முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

"முழு ஓய்வு. குனியக் கூடாது. இரண்டு வாரம் கழித்து வரவும்."

இடுப்பில் எல்4, எல்5 எலும்புகளை நான்கு திருகும் இரண்டு கம்பியும் போட்டு இணைத்த ஒருவருக்கு வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் இருந்தது இவ்வளவுதான். கூடவே ஒரு மருந்துச் சீட்டு, அளவு பொருந்தாத ஒரு பெல்ட். ஆபரேஷனில் குறை சொல்ல எதுவும் இல்லை, எக்ஸ்ரேயில் திருகுகள் சரியாகவே உட்கார்ந்திருந்தன. கெட்டதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் அந்த "முழு ஓய்வு". அவர் சொன்னபடியே படுத்துக் கிடந்தார். பத்தாம் நாள் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தது. ஸ்கேனில் ரத்தக்கட்டி. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்கவிடுவார்கள். வீட்டிலும் ஒரே மூச்சில் வெகுதூரம் போகாமல், ஐந்து பத்து நிமிடமாக நாளுக்கு நாலைந்து தடவை நடப்பதுதான் நல்லது. ஒரேயடியாக அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பதைத் தொடக்கத்தில் தவிர்க்கலாம். "ஓய்வு" என்று எழுதினால் அதன் பொருள் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்க வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது மருந்துச் சீட்டு. டிரமடால் என்ற வலுவான வலி மருந்தும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை, தடவைக்கு இரண்டாக மூன்று வேளை. தனியாகப் பாராசிட்டமால் 1000 மி.கி., அதுவும் மூன்று வேளை. கூட்டிப் பாருங்கள். கலவை மாத்திரை ஒன்றில் 325 மி.கி. பாராசிட்டமால், ஆறு மாத்திரைக்கு 1950. தனியாக 3000. மொத்தம் 4950. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைய உச்சவரம்பு 4000 மி.கி., அதைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. வேறு வேறு பெயரில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்துக் கூட்டுவது உங்கள் வேலை இல்லைதான், ஆனாலும் செய்துவிடுங்கள்.

டிரமடால் மாதிரியான மருந்துகள் குடலை மந்தமாக்கும். மலமிளக்கியை முதல் வலி மாத்திரையோடு சேர்த்தே ஆரம்பிக்க வேண்டும். ஐந்தாம் நாள் முக்க ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பெரிய பயன் இல்லை. எலும்புகளை இணைக்கும் ஆபரேஷன் என்றால் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். எலும்புகள் ஒன்றோடொன்று கூடுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் பல மருத்துவர்கள் தொடக்கத்தில் அவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

பெல்ட் எல்லாருக்கும் தேவையில்லை. எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வை (டிஸ்க்) மட்டும் எடுத்த ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் வேண்டியதே இல்லை. திருகு போட்ட பிறகும் அதனால் கூடுதல் நன்மை என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. எழுதித் தந்தால் எதற்கு, எத்தனை வாரம், தூங்கும்போதும் போட வேண்டுமா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அது விற்பனைதான்.

ஆபரேஷனுக்கு முன்பே கைவிட்ட இடங்களும் உண்டு. அவரிடம் யாரும் புகைப்பழக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பை நன்றாகவே கூட்டும். குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு கூடும் மாதங்களிலும் தொடாமல் இருக்க வேண்டும். மெல்லும் புகையிலையிலும் நிகோடின் சூயிங்கத்திலும் இருப்பது அதே நிகோடின்தான். சர்க்கரை நோய் இருந்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பார்க்காமல் தேதி குறிக்க விடாதீர்கள், அது 8 சதவீதத்தைத் தாண்டினால் புண்ணில் கிருமி பிடிக்கும் ஆபத்து அதிகம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைகளை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி எழுத்தில் தர வேண்டும். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் அது அடைத்துக்கொள்ளலாம். முதுகை வீட்டில் சவரம் செய்துகொண்டு போகாதீர்கள். பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்தான் கிருமிக்கு வாசல்.

இதற்கெல்லாம் முந்தின கேள்வி, இந்த ஆபரேஷன் வேண்டுமா என்பது. எம்ஆர்ஐ படத்தில் பிதுங்கிய ஜவ்வைக் காட்டி "உடனே செய்யாவிட்டால் கால் போய்விடும்" என்று சொன்னால் நிதானியுங்கள். வலியே இல்லாத நடுத்தர வயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் பலருக்கு ஜவ்வு பிதுங்கித்தான் இருக்கும். ஜவ்வு நரம்பை அழுத்திக் காலில் இறங்கும் வலி, பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே தணியும். பொதுவாக இந்த ஆபரேஷன்கள் கால்வலியைத் தீர்க்கும் அளவுக்கு முதுகுவலியைத் தீர்ப்பதில்லை, இதை முன்கூட்டியே சொல்கிற மருத்துவரை நம்பலாம். திருகு போட வேண்டும் என்றால், எலும்பு நழுவுகிறதா என்று குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே எங்கே என்று கேளுங்கள். "லேசர்" என்று விளம்பரம் செய்தால், எலும்பை எதால் எடுப்பீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். அங்கேயும் எலும்பைத் துளைக்கும் கருவியும் கடித்தெடுக்கும் கருவியும்தான்.

உடனடி அவசரம் என்பது வேறு. தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது மலம் தெரியாமல் போய்விடுவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது. இவற்றில் ஒன்று வந்தால் இரண்டாவது கருத்துக்கெல்லாம் அலையாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வந்தாலும் அப்படித்தான்.

படுக்கையிலிருந்து எழுவதை ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி மரக்கட்டை போல ஒருக்களியுங்கள். கால்களைக் கட்டிலுக்குக் கீழே இறக்கியபடியே கீழ்க்கையின் முழங்கையையும் மேல்கையின் உள்ளங்கையையும் ஊன்றி எழுந்திருங்கள். வலியோடு, மயக்க மருந்தின் கலக்கத்தோடு, மருத்துவமனையில் ஒருவர் ஒரு தடவை செய்து காட்டுவது மனதில் நிற்காது. தினமும் தொடுகிற சாமான்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு மாற்றிவையுங்கள். கழிப்பறை இருக்கையை உயரமாக்குங்கள். தடுக்கும் சார்ஜர் வயரையும் மிதியடியையும் எடுத்துவிடுங்கள். முதல் ஆறு வாரம் தூக்குவது ஐந்து கிலோவுக்குள். எலும்பு கூடி முடிய 6 முதல் 12 மாதம் ஆகும், வலி குறைந்ததை வைத்து எலும்பு கூடிவிட்டதென்று நினைக்காதீர்கள்.

புண்ணிலிருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாகக் கசிந்து, உட்கார்ந்தால் தலைவலித்து, படுத்தால் விட்டால், அது தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம். 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, இவற்றுக்கும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது.

கிளம்பும்போது இரண்டு காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, உள்ளே வைத்த திருகு, கம்பிகளின் ஸ்டிக்கர், தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண்ணோடு. பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கவோ மறுபடி திறக்கவோ நேர்ந்தால் எந்த உலோகம், எந்த நிறுவனம் என்பது அதிலிருந்துதான் தெரியும். இன்னொன்று, ராத்திரியில் அழைத்தால் எடுக்கிற எண். அவருக்குத் தந்த தாளில் அச்சடித்திருந்த எண் வரவேற்பு மேசையுடையது, மாலையில் மேசையை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். வண்டி ஏறும் முன் ஒரு தடவை உங்களுக்குத் தந்த எண்ணை அழுத்தி, யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.